சுற்றும் கூண்டுக்கு ஒற்றைக் கம்பி

அன்று விஜயதசமி. மாலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு, மயிலாப்பூரில் புரொபசர் சாம்பசிவய்யர் வீட்டு மொட்டைமாடியில், வானம் பார்க்கும் கூண்டின் ஷட்டர் பாதி திறந்து நின்றுவிட்டது. நான் மாடிப்படித் திருப்பத்தில், மின்சாரப் பலகைக்கு முன்னால் இருந்தேன். மோட்டார் சத்தம் அடங்கியதும் என் கண் தானாக எதிர்ச் சுவரிலிருந்த கடிகாரத்துக்குப் போனது. எது நின்றாலும் முதலில் மணி பார்ப்பது எங்கள் தொழிலில் வரும் பழக்கம். கம்பெனியில் யாராவது ‘எப்போது நின்றது?’ என்று கேட்பார்கள். அன்று பார்த்த மணியை அதற்கப்புறம் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவும் மறக்க முடியவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் பலராமன். நான் வேலை பார்த்த கம்பெனியில் இன்று ஒயரிங் மேற்பார்வை செய்பவன். சென்ற வாரம் என்னைத் தேடி மாம்பலத்துக்கு வந்தான். அடையாற்றில் ஒரு பெரிய மனிதர் தம் தோட்ட பங்களாவில் டெலஸ்கோப் வைக்க வட்டமான சுற்றும் கூரை கட்டுகிறாராம். சுற்றுகிற கூரைக்கு மின்சாரம் கொடுக்கும் வேலை இவனிடம் வந்திருக்கிறது.

“சார், ரெண்டு செப்புப் பட்டை எதுக்கு? ஒண்ணு போதும்ல? கூரைதான் இரும்பு ரெயில்மேல சுத்திக்கினு கீதே. டிராமே ஒத்தக் கம்பியிலதானே ஓடுது?” என்றான்.

நான் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, “எழுதித் தருகிறேன், போ” என்று மட்டும் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். வாயால் சொல்லியிருந்தால் பாதியில் நின்றிருப்பேன்.

நான் பள்ளி இறுதி வகுப்பு தேறியவன். குமாஸ்தா வேலைக்குக் காத்திருந்தபோது, மவுண்ட் ரோடு பக்கம் ஒரு மின்சார ஒயரிங் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள், போனேன். மூங்கில் ஏணி தூக்கியது, கம்பி ஓட மரச்சட்டம் அடித்தது, சுண்ணாம்பில் ஓட்டை போட்டுக் கண் எரிந்தது எல்லாம் எல்லோருக்கும் பொதுவானது. அவற்றை விட்டுவிடுகிறேன். என்னைத் தொழில்காரனாக்கியவர் எங்கள் மேஸ்திரி காதர் பாய்.

பாய் திருவல்லிக்கேணிக்காரர். டிராம் ஷெட்டில் வேலை செய்துவிட்டு எங்கள் கம்பெனிக்கு வந்தவர். ஒல்லியான நெடிய உருவம், மருதாணி போட்ட தாடி, எந்த வெயிலிலும் கழற்றாத ஒரு கறுப்புக் கோட்டு. அந்தக் கோட்டின் உள்பையில் ஒரு கம்பளித் துணிப் பை வைத்திருப்பார். வேலை நடக்கிற வீட்டின் பியூஸ் கட்டையைப் பிடுங்கி அதில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்து அவர் கையால் திரும்ப வைத்தால்தான் அந்த வீட்டுக்கு மின்சாரம். மெயின் சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்டால், “சுவிட்சுக்கு ஊரெல்லாம் கை கீது நைனா. என் பைக்கு என் கைதான்” என்பார்.

பியூஸ் வைக்கும் முன்பு அவர் செய்வது ஒன்று உண்டு. அந்த வேலையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, “கை?” என்று கத்துவார். கூப்பிடப்பட்டவன் “எடுத்தாச்சு” என்று பதில் சொல்ல வேண்டும். ஒருவரிடமிருந்து பதில் வராவிட்டாலும் பியூஸ் உள்ளே போகாது. ஒருமுறை ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் ஏணிமேல் நின்றுகொண்டு, தம்மையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறானே என்று சிரித்துக்கொண்டு சும்மா இருந்தார். பாய் கோபப்படவில்லை. படியில் உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைத்தார். துரை இறங்கிவந்து என்ன என்று கேட்டார். “தொரை கை இன்னும் கம்பியிலதான் கீதோன்னு நெனச்சேன்” என்றார் பாய். துரை வாயால் ‘எடுத்தாச்சு’ என்று தமிழில் சொன்ன பிறகே விளக்கு எரிந்தது.

இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். மின்சாரம் தாக்கி மூச்சு நின்றவனைக் குப்புறப் படுக்கவைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, வாயில் வெற்றிலை பாக்கு இருந்தால் விரல் விட்டு எடுத்து, அவன் தொடைகளின் இரு பக்கமும் முழங்கால் ஊன்றி, கீழ் விலா எலும்புமேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, கையை மடக்காமல் உடம்பைச் சாய்த்துப் பாரத்தை இறக்கவேண்டும். பிறகு சட்டென்று பின்வாங்கவேண்டும். அமுக்கும்போது காற்று வெளியே போகிறது. விடும்போது உள்ளே வருகிறது. நம் சொந்த மூச்சின் வேகம்தான் அளவு. புதிதாக வந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கோணிச் சாக்கில் பாயே குப்புறப் படுத்துக்கொள்வார்.

“இப்ப நான் பொணம். அமுக்கு.”

நான் அமுக்கினேன்.

“இன்னா நைனா, சப்பாத்தி மாவா பெசையறே? பொணம் சிரிக்குது பாரு!”

இராயப்பேட்டையில் ஒரு கம்பத்தடியில் அவர் இதை நிஜமாகச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்களோடு வேலை செய்த ஆள். கூட்டம் கூடி, வெயில் ஏறி, அவன் பெண்டாட்டி வந்து அழுது ஓய்ந்தபிறகும் பாய் நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் வந்தார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். பாயின் தோளைத் தொட்டு, “போதும்பா. கையை எடு” என்றார். பாய் எடுத்தார். தெருக் குழாயில் கை கழுவும்போது என்னிடம் சொன்னது: “டாக்டர் வந்து சொல்ற வரிக்கும் ஆளு சாவல நைனா. நாம கைய எடுத்தா, நாம சொன்ன மாதிரி ஆயிடும்.”

அந்த ‘கையை எடு’ என்ற சொல் அன்றே எனக்குள் முள்ளாக ஏறிவிட்டது.

இனி புரொபசர் வீடு. சாம்பசிவய்யர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் வட்டமாக ஒரு சுவர் எழுப்பி, சுவர் உச்சியில் வளையமாக ஒரு இரும்பு ரெயில் போட்டு, அதன்மேல் சக்கரங்களோடு ஒரு தகரக் கூரையை உட்காரவைத்திருந்தார். அவர் அதை டோம் என்பார். வீட்டில் மற்றவர்களுக்கு அது கூண்டு. நடுவில் தரையிலிருந்து ஒரு இரும்புத் தூண், அதன்மேல் டெலஸ்கோப். கூண்டைக் கயிறு பிடித்து இழுத்தால் லேசாகச் சுற்றும். கூரையில் ஒரு நீளத் திறப்பு, அதற்கு ஒரு ஷட்டர். எந்தப் பக்கம் வானம் வேண்டுமோ அந்தப் பக்கம் திறப்பைத் திருப்பிக்கொள்ளலாம்.

ஷட்டர் கனம். புரொபசருக்குத் தோள்பட்டை வாதம். அதைத் திறந்து மூட மோட்டார் வேண்டுமென்றார். மோட்டார் ஷட்டரோடு கூரையில்தான் இருக்கவேண்டும். கூரையோ சுற்றுகிறது, சுவரிலிருந்து வரும் கம்பி சுற்றாது. சிக்கல் இவ்வளவுதான்.

முதலில் தொங்கும் கம்பி ஒன்றைத் தளர்வாக விட்டோம். ஒரு சுற்றுக்குமேல் ஒரே பக்கமாகத் திருப்பாதீர்கள் என்று சொல்லியிருந்தோம். அவர் கிழக்கே ஒன்று பார்ப்பார், உடனே மேற்கே ஒன்று பார்ப்பார். எந்தப் பக்கமாகச் சுற்றி வந்தோம் என்பது நினைவிருக்காது. ஒரே மாதத்தில் கம்பி சடைபோல முறுக்கிக்கொண்டு அறுந்தது.

“ஆகாசத்தைப் பாக்கறதா, உங்க கம்பியைப் பாக்கறதா?” என்று சீறினார்.

ஒரே இடத்தில் மட்டும் பிளக் வைப்போம், கூண்டை அங்கே கொண்டுவந்து ஷட்டரைத் திறந்து மூடலாம் என்றேன். அதையும் ஏற்கவில்லை. தூறல் வந்தால் கூண்டு எங்கே நிற்கிறதோ அங்கேயே மூடவேண்டும், கண்ணாடி நனையக்கூடாது என்றார். அதுவும் நியாயம்தான்.

அப்போதுதான் காதர் பாய் வந்து பார்த்தார். ரெயிலைத் தட்டிப் பார்த்தார். டிராம்காரர் முகம் மலர்ந்தது. “இது நம்ம டிராம்தான் நைனா, நேரா போவாம வட்டமா போவுது” என்றார். சுவரின் உட்புறம் மரத்தில் வெட்டிய காடிக்குள் ஒரு செப்புப் பட்டை வளையம். கூரையிலிருந்து தொங்கும் கார்பன் பிரஷ் அதைத் தொட்டுக்கொண்டே வரும். மின்சாரம் மேலே போக அது. திரும்பி வர, கூரையின் இரும்பு, சக்கரங்கள், ரெயில், ரெயிலிலிருந்து கீழே ஒரு தடித்த கம்பி. டிராமுக்கும் அப்படித்தான்.

புரொபசர் விடவில்லை. “ஏன் பாய், ரெயில் வெறுமனே கிடக்கே, கை பட்டா?”

“ரெயிலு பூமியோட சேந்தது சாமி. ரோட்டுல டிராம் ரெயில்மேல மாடு படுத்துக்குது. செத்தா போச்சு? வாலைக்கூட ஆட்டல.”

அன்று அங்கே பலமாகச் சிரித்தது என் மகள் தனம்.

அவள் அங்கே எப்படி வந்தாள் என்றால், காலேஜில் அவள் கணக்கு எடுத்திருந்தாள். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். புரொபசர் உடனே, “அழைச்சுண்டு வாருமேன்” என்றார். பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர் டெலஸ்கோப்பில் கண் வைத்திருக்கும்போது பக்கத்தில் இவள் நின்று கைக்கடிகாரம் பார்த்து மணி சொல்வாள். என் மனைவி கமலத்துக்குப் பிடிக்கவில்லை. “பொழுது சாஞ்சப்புறம் வயசுப் பொண்ணுக்கு மொட்டைமாடியில என்ன வேலை?” என்பாள். அவள் பயம் வேறு, என் பயம் வேறு. பெண் டிராமில் ஏறினால் படியில் கால் வழுக்குமோ, கடற்கரைக்குப் போனால் அலை இழுக்குமோ என்று நினைத்துக்கொண்டே இருப்பவன் நான். அந்தக் கூண்டுக்குள் இருக்கும்போது மட்டும் பயப்படமாட்டேன். அதில் ஒவ்வொரு திருகாணியும் எனக்குத் தெரியும்.

பாயின் ‘கை?’ என்ற கூச்சலை நானும் பிடித்துக்கொண்டிருந்தேன். புரொபசர் வீட்டில் எப்போது பியூஸ் வைத்தாலும் படித் திருப்பத்திலிருந்து கத்துவேன். தனம் மேலேயிருந்து, “எடுத்தாச்சு! காலையும் எடுத்தாச்சு!” என்பாள். வீட்டில் நான் சோற்றில் கை வைக்கப்போனால், “கை?” என்று கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி எழுந்துபோய் எங்கள் வீட்டு மெயினை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

சரஸ்வதி பூஜை அன்று எங்கள் கம்பெனியில் வழக்கம்போல ஆயுத பூஜை. கருவிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, அன்று முழுவதும் எதையும் தொடமாட்டோம். நான் அங்கே இருந்தேன். என் வீட்டுக் கொறடாவுக்கும் திருப்புளிக்கும் சந்தனம் வைப்பது சின்ன வயதிலிருந்தே தனம்தான். அந்த வருடம் என் கருவிகள் கம்பெனியில் இருந்ததால் அவள் புரொபசர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விஜயதசமி. வைத்ததையெல்லாம் எடுத்துத் திரும்பத் தொடங்கும் நாள். புரொபசர் வீட்டில் சுண்டல் பண்ணி எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் கூண்டைத் திறந்து தசமி நிலவைப் பார்ப்பதாக ஏற்பாடு. காதர் பாய் சாயங்காலத் தொழுகை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். நானும் தனமும் முன்னதாகவே போனோம். படி ஏறும்போது அவள், “அப்பா, பியூஸ் வெச்சுட்டு உடனே மேல வா. உனக்கு ஒண்ணு காட்டணும்” என்றாள்.

“இன்னா அது?”

“வந்து பாரேன். சொல்லிட்டா என்னா இருக்கு?”

மேலே புரொபசர், அவர் மனைவி, தனம், மூவர்தான். ஒவ்வொருவரையும் கேட்டேன். ‘எடுத்தாச்சு’ வந்தது. காலையும் எடுத்தாச்சு என்பதும் வந்தது. பியூஸ் வைத்தேன். மோட்டார் ஓடியது. தகரம் நகரும் கரகரப்பு. பிறகு நின்றது. நான் மணி பார்த்தேன்.

புரொபசர் குரல் கேட்டது: “பாதியில நின்னுடுத்தே. தனம், சித்த தள்ளிப் பாரேன்.”

என்ன கோளாறு என்று தெரியாமல் யாரும் எதையும் தொடக்கூடாது என்று நினைத்தேன். வாயில் வந்தது, “தனம், கை?”

பதில் இல்லை.

இரண்டாம் தடவை கேட்கவில்லை. பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். அந்தக் கணத்தில்தான் மேலே ஒரு ஆள் விழும் சத்தம் கேட்டது. கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அவள் தூணின் அடியில் கிடந்தாள். ஒரு கையால் டெலஸ்கோப்பின் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கூரையின் ஷட்டரைத் தள்ளியிருக்கிறாள். வெறுங்கால். சாயங்காலம் கழுவிவிட்ட தரை இன்னும் ஈரமாக இருந்தது. மூச்சு இல்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. புரொபசர் சுவரோடு ஒட்டி நின்று, “நான்தான் தள்ளச் சொன்னேன், நான்தான் தள்ளச் சொன்னேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “டாக்டருக்கு ஆள் அனுப்புங்க” என்று கத்தினேன். தோட்டக்காரன் முனுசாமி சைக்கிளில் பறந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

குப்புறப் புரட்டினேன். முகத்தைத் திருப்பினேன். வாயில் விரல் விட்டேன். பாதி மென்ற சுண்டல் இருந்தது, எடுத்தேன். முழங்கால் ஊன்றி, கையை விலாவில் வைத்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது என் மகளின் எலும்பு என்பதை நினைக்காமலிருக்க வேண்டியிருந்தது. சாய்ந்தேன். விட்டேன். சாய்ந்தேன். விட்டேன். என் மூச்சு எங்கோ ஓடிக்கொண்டிருந்ததால் அதை அளவாக வைக்க முடியவில்லை. பாய் கோணிமேல் படுத்துக்கொண்டு சொல்லும் எண்ணிக்கையை நினைத்துக்கொண்டேன்.

அக்கம்பக்கத்தார் ஏறி வந்துவிட்டார்கள். ஒருவர் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். ஒருவர் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். புரொபசர் வீட்டு மாமி சூடான காப்பியோடு வந்தாள். “வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க மாமி” என்றேன். அவள் அந்தத் தம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருவர் குனிந்து தனத்தின் மூக்கில் பஞ்சு வைத்துப் பார்த்தார். பஞ்சு ஆடவில்லை.

“ஓய் சபாபதி, பஞ்சு அசையலையே. குழந்தை போயிட்டா ஓய். எதுக்கு உடம்பைப் போட்டு இப்படிப் படுத்தறீர்? விட்டுடும்.”

நான் விடவில்லை. அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. டாக்டர் வரும்வரை, என் கை எடுக்கும்வரை, அவள் சாகவில்லை. அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இருட்டிவிட்டது. யாரோ அரிக்கேன் விளக்கு கொண்டுவந்தார்கள். பாதி திறந்த ஷட்டர் வழியாக நிலா வெளிச்சமும் விழுந்தது. படியில் செருப்புச் சத்தம். அத்தர் வாசனை. காதர் பாய்.

வந்ததும் கேட்டார்: “பீஸ் கட்டை எங்கே?”

“என் பையில.”

“செரி. நிறுத்தாத. மெதுவா, மெதுவா. ஓட்டாத நைனா.”

விளக்கை வாங்கிக்கொண்டு சுவரோரம் போனார். பிரஷைப் பார்த்தார். செப்புப் பட்டையைப் பார்த்தார். பிறகு ரெயிலுக்கு விளக்கைக் கொண்டுபோனார். அவர் நகத்தால் சுரண்டுவது எனக்குக் கேட்டது.

“யாரும்மா இத பூசினது?”

மாமிதான் சொன்னாள். “தனம்தான் பாய். நேத்து பூஜைக்கு. ‘எங்கப்பா போட்ட ரெயில்’னு ஸ்டூல் போட்டுண்டு சுத்தி முழுக்கச் சந்தனம் பூசினா. முனுசாமி சக்கரத்துக்கெல்லாம் எண்ணெய் விட்டான்.”

அவள் எனக்குக் காட்டவேண்டும் என்றது அதைத்தான்.

பலராமா, நீ கேட்டதற்குப் பதில் இங்கே இருக்கிறது. ரெயில் முழுக்கச் சந்தனம் கெட்டியாகக் காய்ந்திருந்தது. சக்கரத்தில் விளக்கெண்ணெய். மாலையில் கூண்டைத் திருப்பியபோது சக்கரங்கள் சில இடத்தில் இரும்பைத் தொட்டன, அதனால் மோட்டார் ஓடியது. ஓடும் அதிர்விலேயே தொடுதல் விட்டுப்போனது. மேலே போன மின்சாரத்துக்குத் திரும்பிவர வழி இல்லை. மோட்டார் நின்றது. ஆனால் மோட்டார் வழியாகக் கூரை இரும்பு முழுவதிலும் இருநூற்று இருபது வோல்ட் நின்றது. ஈரத் தரையில் ஊன்றிய தூணைப் பிடித்துக்கொண்டு கூரையைத் தொட்டவளே அந்த வழியானாள். பியூஸ் ஏன் எரியவில்லை என்று கேட்பாய். பியூஸ் கம்பிக்காக எரிவது. ஒரு பெண்ணின் உடம்பில் போகும் மின்சாரம் அதற்குப் போதாது. தெருவில் டிராம் வண்டியின் பாரம் ரெயிலை நாள் முழுக்கத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறது. அங்கே யாரும் சந்தனம் பூசுவதில்லை. ஆனால் வீட்டில் வைக்கும் இரும்புக்கு நம் ஊரில் வருடத்துக்கு ஒருநாள் பூசத்தான் பூசுவார்கள். பூசக்கூடாதென்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே போக ஒரு பட்டை, வர ஒரு பட்டை, இரண்டும் மரக் காடிக்குள். கூரை இரும்புக்குத் தனியாக ஒரு பிரஷ், தனியாகப் பூமிக் கம்பி. ரெயில் கூரையைத் தாங்க மட்டும். செலவைப் பற்றி அந்த அடையாற்றுக்காரர் கேட்டால் என்னிடம் அனுப்பு.

பாய் ரெயிலை விட்டுத் திரும்பியபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. குரல் மட்டும் கேட்டது. “மாடு படுத்துக்குதுன்னு சொன்னேனே. நான்தானே சொன்னேன்.” பிறகு என் எதிரே உட்கார்ந்தார்.

என் தோள் மரத்துவிட்டது. சாய்கிறேன் என்று நினைத்தேன், உடம்பு சாயவில்லை. பாய் பார்த்துவிட்டார்.

“நைனா, மாத்திக்கலாம். தாளம் வுடாம மாத்தணும்.”

பின்னாலிருந்து யாரோ, “வயசுப் பொண்ணு உடம்புல சாயபு கை வைக்கறதாவது” என்றார்கள். மாமி திரும்பினாள். அவ்வளவு நேரம் பிடித்திருந்த காப்பித் தம்ளரைத் தரையில் ணங்கென்று வைத்தாள். “யாருங்காணும் அது? கீழே இறங்கிப் போம்! பாய், நீங்க வையுங்கோ.”

பாய் என் பக்கத்தில் மண்டியிட்டார். என் கைகள்மேல் தம் கைகளை வைத்து என்னோடு சேர்ந்தே சாய்ந்தார், சேர்ந்தே பின்வாங்கினார். சில தடவை அப்படி. பிறகு “உருவிக்கோ” என்றார். என் கைகளை அவர் கைகளுக்கடியிலிருந்து உருவினேன். தாளம் விட்டுப்போகவில்லை. நான் தவழ்ந்துபோய்த் தனத்தின் கன்னத்தைத் தரையிலிருந்து தாங்கிப் பிடித்தேன். அவள் விரல் நகங்களுக்குள் காய்ந்த சந்தனம் இருந்தது.

தோள் கொஞ்சம் உயிர்வந்ததும் அதே மாதிரி அவர் கைமேல் கை வைத்து வாங்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எதிரே கடிகாரம் இல்லை, இருந்தாலும் பார்த்திருக்கமாட்டேன். புரொபசர் ஒரு மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த வருடமே நான் வேலையை விட்டேன். விடும் வயது இல்லை. பியூஸ் கட்டையைக் கையில் எடுத்தால் ‘கை?’ என்று கேட்பேன். பதில் வந்த பிறகும் நம்பாமல் மறுபடி கேட்பேன், அதற்குப் பிறகும் கேட்பேன். கூட வேலை செய்தவர்கள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர்கள் சிரிக்காமல் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

அன்று கடைசியாகப் படியேறி வந்தது டாக்டர். பெண்கள் ஆஸ்பத்திரியிலிருந்து முனுசாமி ஜட்காவில் கூட்டிவந்த ஒரு டாக்டரம்மா. மூச்சு வாங்க வந்து, கூட்டத்தை விலக்கி, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தனத்தின் கண்ணிமையைத் தூக்கினார். விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். கழுத்தில் விரல் வைத்தார். முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு என் தோளைத் தொட்டார்.

“போதும். கையை எடுங்க.”

நான் எடுக்கவில்லை. சாய்ந்தேன். பாய் எண்ணுவதை நிறுத்திவிட்டார். அவர் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

“டாக்டரம்மா,” என்றார் பாய். “பொண்ணு...?”

டாக்டரம்மா என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து மேலே தூக்கினார்.

“மூச்சு திரும்பி வந்தாச்சு. தானா இழுக்கப் பாக்கிறா, நீங்க விடமாட்டேங்கிறீங்க. இனி அது அவ வேலை. கையை எடுங்க.”